ஒழுகினால்தான் அது வாய்க்கால்: ஸ்பெயினிலும் பெருவிலும் நீரை விதைக்கும் ஊர்கள்

கேள்வி இது: "ஸ்பெயினிலும் பெருவிலும் மலை ஊர்க்காரர்கள் 'நீரை விதைக்கிறார்கள்' என்று படித்தேன். இது மழைநீர் சேகரிப்புதானா, வேறு ஏதாவதா? ஊரே சேர்ந்து எப்படிப் பராமரிக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?"

மழைநீர் சேகரிப்பு என்று நாம் சொல்வது வேறு, இது வேறு. சேகரிப்பில் தண்ணீர் தொட்டியிலோ குளத்திலோ கண்ணெதிரே நிற்கும். இங்கே ஓடுகிற தண்ணீரைத் திருப்பி, ஒழுகும்படி வெட்டிய வாய்க்காலில் விட்டு, மலைக்குள் இறக்குகிறார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து அது கீழே ஊற்றாகப் புறப்படுகிறது. மழைக்காலத்தில் போட்டதைக் கோடையில் எடுப்பதால்தான் ஸ்பானிஷில் 'சியெம்ப்ரா இ கொசேச்சா தெ அகுவா', அதாவது நீர் விதைப்பும் அறுவடையும் என்று பெயர்.

ஸ்பெயினில் இதற்குப் பெயர்போன இடம் கிரனாதா நகருக்குத் தென்கிழக்கே உள்ள சியெரா நெவாதா மலை. உச்சி 3,479 மீட்டர். அதன் தென்சரிவில் பெர்ச்சுலெஸ், திரெவேலெஸ், கான்யார் என்று வெள்ளையடித்த சிற்றூர்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தப் பகுதியை அல்புஹாரா என்பார்கள். மழை பெய்யாத நீண்ட கோடை. உச்சியில் பனி உண்டு, ஆனால் அது இளவேனிலில் இரண்டு மூன்று மாதத்துக்குள் உருகி ஓடிவிடும். பயிருக்குத் தண்ணீர் வேண்டிய ஆகஸ்டில் பனியும் இருக்காது, ஆறும் மெலிந்திருக்கும். இதற்கு இஸ்லாமியர் ஆட்சிக்காலத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வாய்க்காலைக் குறிக்கும் 'அசேக்கியா' என்ற ஸ்பானிஷ் சொல்லே அரபியிலிருந்து வந்ததுதான்.

அங்கே அசேக்கியாவில் இரண்டு வகை. ஒன்று வயலுக்குப் பாய்ச்சுவது. இன்னொன்று 'கரேயோ' வாய்க்கால். வயல் பக்கமே வராமல் மலை உயரத்தில் சரிவை ஒட்டியே போகும். ஆற்றின் தலைப்பகுதியில் கல்லும் புல்கட்டியும் அடுக்கித் தண்ணீரை மறிப்பார்கள். நம் ஊர் கொரம்பு மாதிரிதான். அங்கிருந்து மண்தரை வாய்க்காலில் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோவார்கள். வழி நெடுகக் கசியும். சில இடங்களில் கரையைத் திறந்து சரிவின்மேல் பரவ விடுவார்கள். தண்ணீரை விழுங்குகிற அந்த இடத்துக்கு 'சிமா' என்று பெயர். எந்தச் சிமா எத்தனை நாள் குடிக்கும், எது நிறைந்தால் எந்த ஊற்று கனக்கும் என்பது தண்ணீர்க்காரருக்குத் தெரியும். அவர் 'அசேக்கியேரோ', நம் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டியின் அண்ணன் முறை.

இது நடப்பதற்குக் காரணம் அங்குள்ள பாறை. சியெரா நெவாதாவில் அப்பிரகப் படலப்பாறை அதிகம். உள்ளே இறுக்கம், மேல்பகுதி மட்டும் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்து விரிசல் விட்டிருக்கும். அந்தச் சிதைந்த போர்வைக்குள் இறங்கும் தண்ணீர், கீழே இறுக்கமான பாறை தடுப்பதால் ஆழத்துக்குப் போகாமல் சரிவோடு மெல்ல நகர்ந்து ஊர்ப்பக்கம் வெளியே வருகிறது. ஆற்றில் ஓடியிருந்தால் சில மணி நேரத்தில் பள்ளத்தாக்கைக் கடந்திருக்கும். அடியில் சுண்ணாம்புப் பாறையோ ஆழ்ந்த பிளவோ இருந்தால் இதே தண்ணீர் எந்த ஊரில் போய்த் தலைகாட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் "எங்கள் மலையில் செய்யலாமா" என்று கேட்பவர்கள் மழை அளவைப் பார்ப்பதற்கு முன் பாறையைப் பார்க்க வேண்டும்.

பெருவில் இதே வேலைக்கு 'அமுனா' என்று பெயர். தேக்கிவைப்பது என்று பொருள்படும் சொல், ஆண்டீஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியில். (சிங்களத்தில் 'அமுண' என்றால் அணைக்கட்டு. இலங்கை வாசகர்களுக்கு உடனே தோன்றும், ஆனால் ஒலிதான் ஒன்று, உறவில்லை.) லிமா நகரம் பாலைவனத்தில் இருக்கிறது. கோடிப் பேர் அளவில் வாழும் அந்த ஊருக்கு ரிமாக், சில்யோன், லுரின் என்ற மலையாறுகள்தான் கதி. சில்யோன் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள உவாமந்தாங்கா என்ற ஊரில் இதை 'மமாந்தேயோ' என்கிறார்கள், அதாவது பாலூட்டுதல். மலைக்குத் தண்ணீர் ஊட்டினால் மலை திருப்பி ஊட்டும் என்ற கணக்கு.

அந்த ஊர் வாய்க்காலில் சாயம் கலந்துவிட்டு, கீழே எந்த ஊற்றில் எப்போது சாயம் தெரிகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. தண்ணீர் மலைக்குள் தங்கியது சராசரியாக 45 நாள். குறைந்தது 2 வாரம், அதிகபட்சம் 8 மாதம். லிமாவுக்கு நீர் தரும் மலைப்பகுதி முழுக்க இதை விரித்தால், மழைக்கால ஓட்டத்தில் 35 சதவீதத்தை, ஆண்டுக்குச் சுமார் 9.9 கோடி கன மீட்டரை, இப்படித் திருப்ப முடியும் என்று கணக்கிட்டார்கள். வறண்ட காலத்தில் ஆற்று ஓட்டம் சராசரியாக 7.5 சதவீதமும், அந்தக் காலத்தின் தொடக்கத்தில் 33 சதவீதம் வரையும் கூடலாம். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். 33-ஐ மட்டும் எடுத்துப் பேசுகிறவர்கள் கோடைக் கடைசியிலும் அதே அளவு கிடைக்கும் என்ற தப்பான நம்பிக்கையைத் தருகிறார்கள். அமுனா கோடையின் முன்பாதிக்குக் கை கொடுக்கும். பின்பாதிக்குக் குளம் வேண்டும். அதனால்தான் ஊற்றுக்குக் கீழே 'கோச்சா' என்ற சிறு குளத்தை வெட்டி, இரவில் ஊறுவதைப் பிடித்து வைத்து, பகலில் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள்.

இனி வேலை. வாய்க்காலில் எல்லாம் வாட்டத்தில், அதாவது அடித்தரையின் சாய்வில்தான் இருக்கிறது. வாட்டம் கூடினால் தண்ணீர் அடித்தரையை அரிக்கும்; குறைந்தால் வண்டல் படிந்து துளைகளை மூடும். மண்வாய்க்காலில் ஓட்டம் நொடிக்கு 30 முதல் 60 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது. சிறு வாய்க்காலுக்கு 1,000-க்கு 2 முதல் 5 வரை வாட்டம் வைத்தால் பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.

லத்தீன் அமெரிக்க மலை விவசாயிகள் இதற்கு 'ஆ' எழுத்து மட்டம் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ரோமன் எழுத்து ஏ போல இருக்கும் மூன்று கம்பு, ஒரு நூல், ஒரு கல், அவ்வளவுதான். 2 மீட்டருக்குச் சற்று மேல் நீளமான இரண்டு கம்பை உச்சியில் கட்டி, கால்நுனிகள் சரியாக 2 மீட்டர் விலகி நிற்கும்படி நடுவில் குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கட்டும். முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். சற்றே சாய்ந்த தரையில் இரண்டு முளை அடித்து, அவற்றின்மேல் நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி அதே முளைகளில் நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இந்தப் படியை விட்டுவிட்டுக் கண் அளவில் நடுவைக் குறிப்பவர்கள் உண்டு. 300 மீட்டர் போனதும் வாய்க்கால் மேலே ஏறுவது போலத் தெரிந்தபின் திரும்பி வருவார்கள்.

மட்டக்கோடு மட்டும் வேண்டுமென்றால் இதுவே போதும். வாட்டம் வேண்டுமென்றால், சரிபார்த்து முடித்தபின், முன்னால் போகும் காலின் அடியில் ஒரு துண்டுப் பலகையைக் கட்டுங்கள். அரை செ.மீ. கனம் என்றால் 1,000-க்கு 2.5, 1 செ.மீ. என்றால் 1,000-க்கு 5. நூல் நடுப்புள்ளியில் நிற்கும்படி முன்காலை நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போகலாம். காற்றடித்தால் குண்டு ஆடும், அதனால் விடிகாலை நல்லது. ஒவ்வொரு அடியிலும் சின்னத் தவறு சேர்ந்துகொண்டே போகும் என்பதால் 20 மீட்டருக்கு ஒருமுறை கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் ஒத்துப்பார்த்துவிடுங்கள்.

வாய்க்காலின் கீழ்க்கரையைக் களிமண்ணும் கல்லும் வைத்து இறுக்குவார்கள், தண்ணீர் பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு போகாமல் இருக்க. அடித்தரையை மட்டும் அப்படியே விடுவார்கள். உழைப்பு முழுக்க இந்த வேறுபாட்டில் இருக்கிறது. தலைப்பில் வண்டல் குழி ஒன்று அவசியம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், அடித்தரையிலிருந்து அரை மீட்டர் ஆழம் என்று இருக்கட்டும். பாதி நிரம்பியதும் வாரிவிட வேண்டும். முதல் மழையின் செம்மண் வெள்ளத்தை வாய்க்காலுக்குள்ளேயே விடக் கூடாது. அந்த நாலு நாள் பேராசை, அந்த ஆண்டின் கசிவு முழுவதையும் அடைத்துவிடும். மழை நடுவிலும் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் கண்ணுக்குத் தெரிய வண்டல் தடிமனாக நின்றால் மதகை மூடிவையுங்கள்.

வாய்க்கால் எடுக்க ஓடையே இல்லாத சரிவில், தனித்தனிக் கசிவுக் குழிகள் வெட்டுவார்கள். மட்டக்கோட்டில் 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 5 முதல் 10 மீட்டருக்கு ஒரு குறுக்குத் தடுப்பு. 100 மீட்டருக்கு 16 கன மீட்டர் பிடிக்கும். தடுப்பை மறந்தால் ஒரு மூலையில் உடைப்பு விழுந்ததும் குழி முழுவதும் அந்த வழியாகக் காலியாகி, சரிவில் ஓடை அறுத்துவிடும்.

பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு வருவோம். இந்த ஊர்களில் பாடம் நடக்கும் இடம் பெரும்பாலும் தூர் வாரும் நாள்தான். ரிமாக் ஆற்றின் கிளைப் பள்ளத்தாக்கில் உள்ள சான் பெத்ரோ தெ காஸ்தாவில் அக்டோபர் முதல் வாரத்தில், மழைக்கு முன்னால், 'சம்பெரியா' என்ற தண்ணீர்த் திருவிழா. ஊர் பிரிந்து பங்கு பங்காக வாய்க்காலைச் சுத்தம் செய்கிறது. 'சிரிமியா' என்ற நாதசுர வகைக் கருவி ஒலிக்க, 'வலினா' என்ற பாட்டுகள் பாடப்படுகின்றன. கூடவே நடக்கும் பையன் வாய்க்காலின் பாதையையும் இடங்களின் பெயரையும் பாட்டோடு சேர்த்துக் கற்றுக்கொள்கிறான். வரைபடம் இல்லாத காலத்தில் இதுதான் வரைபடம்.

ஆயாகுச்சோ பகுதியின் கிஸ்பில்யாக்தா ஊரில் வேறொரு வழி. அந்த ஊரிலேயே பிறந்து வேளாண்மை படித்த மக்தலேனா, மார்செலா மச்சாக்கா சகோதரிகள் 1991-இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, ஊராருடன் சேர்ந்து மலைமேல் பல பத்துக் குளங்களை உண்டாக்கினார்கள். புதிதாகப் பள்ளம் தோண்டுவதில்லை. இயற்கையாகத் தண்ணீர் தேங்கும் தாழ்வைத் தேர்ந்து, அதன் வாயில் மட்டும் களிமண், கல், புல்கட்டி கொண்டு தாழ்ந்த கரை போடுகிறார்கள். பள்ளத்தை ஆழப்படுத்தப் போனால் அடியில் இருக்கும் களிமண் படலம் கிழிந்து குளம் நிற்காமல் போய்விடும். குளத்தையும் ஊற்றையும் சுற்றி 'புதாக்கா' என்ற செடியை நடுகிறார்கள். அது தண்ணீரை அழைக்கும் செடி என்பது அங்கே நம்பிக்கை. நீரை நிர்வகிப்பது என்று சொல்லாமல் 'நீரை வளர்ப்பது' என்று சொல்கிறார்கள், கன்றுக்குட்டியை வளர்ப்பதற்குச் சொல்லும் அதே வினைச்சொல்லால்.

பள்ளியில் கணக்கோடு சேர்த்துச் செய்யக்கூடிய ஒன்று, ஓட்டத்தை அளப்பது. நேரான, சீரான 10 மீட்டர் துண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். மேல்பரப்பு வேகமாக ஓடும் என்பதால் 0.8-ஆல் பெருக்க வேண்டும். வாய்க்கால் 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், பழம் 25 நொடியில் போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். வேகம் 0.4; திருத்தினால் 0.32. குறுக்குப்பரப்பு 0.12 சதுர மீட்டர். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 38 லிட்டர். அதே நேரத்தில் இன்னொரு குழு வாய்க்காலின் கடைசியில் அளக்கிறது. அங்கே 24 லிட்டர் என்றால் 14 லிட்டரை மலை குடித்திருக்கிறது. ஒரு நாளைக்கு 12 லட்சம் லிட்டர். இந்த எண்ணைத் தானே போட்டுப் பார்த்த பிள்ளைக்கு, வாய்க்கால் "வீணாக" ஒழுகுகிறது என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது. ஊற்றில் அளக்க வாளியே போதும். 20 லிட்டர் வாளி 16 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 1.25 லிட்டர்.

அந்த "வீண்" என்ற சொல்தான் இந்த வாய்க்கால்களுக்கு வந்த பெரிய வினை. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில், கசிவைத் தடுத்தால் தண்ணீர் மிச்சம் என்று நினைத்துப் பல அசேக்கியாக்களுக்கு சிமென்ட் பூசினார்கள், குழாய் போட்டார்கள். வயலுக்குப் போகும் வாய்க்காலில்கூட இது அரைகுறை லாபம்தான். வழியில் கசிந்த தண்ணீரை நம்பி நின்ற கஷ்கொட்டை மரங்களும் புல்வெளிகளும் கீழ் ஊற்றுகளும் அதனால் அடிபட்டன. கரேயோ வாய்க்காலுக்கு சிமென்ட் பூசுவதோ வடிகட்டியின் ஓட்டையை அடைப்பதற்குச் சமம். இன்னொரு பக்கம் இளைஞர்கள் நகரத்துக்குப் போனதும் வாரும் கை குறைந்து, பல வாய்க்கால்கள் தூர்ந்தன. கான்யார் ஊரின் பார்ஹாஸ் வாய்க்காலை 2014-இல் கிரனாதா பல்கலைக்கழகத்தின் மெமோலாப் குழுவும் ஊர்ப் பாசனக்காரர்களும் தன்னார்வலர்களும் மண்வெட்டி பிடித்துத் திறந்தார்கள். தொடர்ந்து வேறு வாய்க்கால்களிலும் இந்த வேலை நடந்துவருகிறது. இதில் கவனிக்க வேண்டியது கூட்டத்தை அல்ல. பாசனச் சங்கம் இருக்கும் ஊரில்தான் திறந்த வாய்க்கால் மறு ஆண்டும் திறந்திருக்கும். மாணவர்கள் வார இறுதியில் வருவார்கள், திங்கட்கிழமை போய்விடுவார்கள். மாடு மிதித்த கரையைச் செவ்வாய்க்கிழமை யார் கட்டுவது?

அதற்கான விடை பங்கும் கடமையும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதில் இருக்கிறது. ஸ்பெயினில் 'கொமுனிதாத் தெ ரெகாந்தெஸ்' என்ற பாசனச் சங்கங்களுக்குச் சட்ட அந்தஸ்து உண்டு. எவ்வளவு நிலத்துக்கு எவ்வளவு நேரம் தண்ணீரோ, அதற்கேற்பச் செலவும் உழைப்பும். பெருவின் மலை ஊர்களில் கூட்டு வேலைக்கு 'ஃபயேனா' என்று பெயர். பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள். வராதவர் ஆள் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அபராதம். கட்டாதவரின் முறை தள்ளிப்போகும். தகராறு தீர்க்க ஸ்பெயினின் வலென்சியாவில் இன்னும் ஒரு தண்ணீர் நீதிமன்றம் இருக்கிறது. வியாழன்தோறும் பகல் 12 மணிக்குப் பேராலய வாசலில், விவசாயிகளே நீதிபதிகளாக உட்கார்ந்து, வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் நிற்கும் இடம் என்பதால் காட்சிப்பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தீர்ப்பு செல்லும்.

நம் குடிமராமத்தும் இதே வம்சம்தான். 2017-இல் தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் அரசுத் திட்டம் வந்தது. பெயரை மீட்பது சுலபம், பட்டியல் வாசிக்கிற அதிகாரத்தை ஊருக்கு மீட்பது கடினம்.

லிமாவில் இன்னொரு முடிச்சு. மேலே வாருபவன் ஒருவன், கீழே குடிப்பவன் ஒருவன். இதற்காக 2014-இல் பெரு ஒரு சட்டம் கொண்டுவந்தது. லிமாவின் குடிநீர் நிறுவனமான செதாபால், கட்டணத்தில் 1 சதவீதத்தை மேல்மலைப் பாதுகாப்புக்கு ஒதுக்க ஏற்பாடாயிற்று. யோசனை சரி. ஆனால் ஒரு மலை ஊரின் மண்வெட்டி வேலைக்கு நகர அலுவலகத்தின் டெண்டர் விதிகள் பொருந்துவதில்லை, அதனால் பணம் சேரும் வேகத்தில் செலவாவதில்லை.

செய்யக் கூடாத இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கீழே வீடுகள் இருந்து, சரிவில் களிமண் தடிமனாக இருந்து, மரங்கள் ஒரு பக்கம் சாய்ந்தோ தரையில் பிறைபோல வெடிப்பு விட்டோ இருந்தால் அங்கே ஒரு வாளித் தண்ணீர்கூட இறக்காதீர்கள். தண்ணீர் ஏறிய மண் கனக்கும், பிடிப்பு தளரும், சரியும். மண்சரிவு கண்ட நீலகிரி மாதிரி மலைகளில் இது வேடிக்கையில்லை. நிலவியலாளர் பார்த்துச் சொல்லாமல் தொடக் கூடாது. தைல மரத்தையும் ஊற்றுப் பக்கம் அண்ட விடாதீர்கள். ஆண்டீஸ் ஊர்களில் விறகுக்கும் உத்தரத்துக்கும் என்று அதை நிறைய நட்டார்கள். ஊறிவரும் தண்ணீரை அதுவே முதலில் குடித்துவிடும்.

முதல் ஆண்டில் ஊற்று கூடவில்லை என்றால் பதற வேண்டாம். நெடுநாள் காய்ந்து கிடந்த மலை முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். மாதம் இரண்டு முறை, அதே தேதிகளில், அதே வாளியால் அளந்து, நிரம்பிய நொடிகளை ஊற்றருகே உள்ள பாறையில் பெயின்டால் எழுதிவையுங்கள். நோட்டுப் புத்தகம் தலைவர் மாறும்போது தொலையும். பாறையில் இருப்பதைத் தண்ணீர் எடுக்க வரும் எல்லோரும் படிப்பார்கள், எழுத வேண்டிய நாளில் எழுதவில்லை என்றால் கேட்கவும் செய்வார்கள்.